எழுபதில் ஆடாத கார்

அந்தக் கார் எழுபதைத் தொட்டால் ஆடும். அறுபத்தைந்து வரைக்கும் சமர்த்தாகப் போகும். எண்பதைத் தாண்டிவிட்டால் மறுபடி சாதுவாகிவிடும். நடுவில் அந்த எழுபதுக்கு மட்டும் அதற்கு என்னவோ வந்துவிடும். ஸ்டீயரிங் உதறும், பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் உலகமே கலங்கிப்போகும், கதவில் செருகிய தண்ணீர்ப் பாட்டில் தானாகக் கழன்று காலடியில் உருளும்.

அதை ஓட்டுகிறவள் இரும்புப் பட்டறை வைத்திருக்கிற கடைசல்காரரின் மனைவி. ஊருக்கெல்லாம் அவள் நர்ஸம்மா. மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவள் வேலை. கண் மங்கிப்போன ஒரு பழைய டாக்டர், இனி தன்னால் ஓட்ட முடியாது என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன கார் அது. எஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. பெல்ட்டில் சுற்றும் ஒரு விசிறி காற்றை அடித்து அடித்து எஞ்சினைக் குளிர வைக்கும், அவ்வளவுதான்.

நர்ஸம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. அவள் பங்குப் பயத்தையும் சேர்த்து அவள் வீட்டுக்காரரே பட்டுவிடுவார். கேஸை மூடினோமா என்று மூன்று தரம் பார்ப்பார். மூடியிருக்கிறது என்று தெரிந்தபின், சரியாகத்தான் பார்த்தோமா என்று நான்காம் தரம் போய்ப் பார்ப்பார். கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்றால் மட்டும் அந்தக் கை நடுங்காது. தலைமயிரில் பாதி கனத்துக்கு இரும்பைச் சீவச் சொன்னாலும் சீவிக் கொடுப்பார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் மலையிலிருந்து திரும்பி வந்து, கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு என் விரல் பொய் சொல்லிடுச்சு."

"என்னம்மா சொல்ற?"

"குழந்தை வெளிய வந்துடுச்சு. தொப்புள்கொடியைப் பிடிச்சுத் துடிப்பு பாக்குறேன், ஒண்ணுமே இல்ல. எனக்கு உசுரே போயிடுச்சு. பாத்தா, அது வீல்னு கத்துது. துடிப்பு நல்லாத்தான் இருந்திருக்கு, என் விரலுக்குத்தான் தெரியல. அவசரத்துல எழுபதுலயே அழுத்திட்டுப் போனேன், காரு ஆட்டின ஆட்டத்துல கை ரெண்டும் அரை மணி நேரமா மரத்தே கிடந்திருக்கு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயப்படத் தெரியாதவள் உயிர் போனது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் காரின் பின்மூடியைத் திறந்துவிட்டார்.

கேளுங்கள் கண்ணுகளா, இது அப்படியொன்றும் புரியாத விஷயமில்லை. எஞ்சினுக்குள்ளே ஒரு தண்டு சுற்றுகிறது. ஒவ்வொரு தரம் பெட்ரோல் வெடிக்கும்போதும் அதற்கு ஓர் அடி விழுகிறது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அது ஒரு மயிரிழை முறுகி, மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஊஞ்சல் திரும்பி வருகிற நேரம் பார்த்துப் பார்த்துத் தள்ளினால் அது மேலே மேலே போகுமல்லவா? எழுபதில் அதுதான் நடந்தது. முறுகி நிமிர்கிற நேரத்துக்கே அடுத்த அடியும் விழுந்தது. அந்த ஆட்டம்தான் அவள் கைக்கு வந்தது.

அதற்கு மருந்து டேம்பர் என்கிற ஒன்று. தண்டின் முனையில் ஓர் இரும்பு வட்டு, வட்டைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றிக் கனமான இரும்பு வளையம். தண்டு துடிக்கும்போது வெளியே இருக்கிற கனத்த வளையம் நான் வரமாட்டேன் போ என்று சோம்பிப் பின்தங்கும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ரப்பர் அந்தச் சண்டையைத் தின்றுவிடும். அந்தக் காருக்கு இது எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசல்காரர் தானே செய்தார். விசிறி பெல்ட் ஓடுகிற பள்ளத்தையும் அந்த வெளி வளையத்தின் மேலேயே வெட்டினார்.

ரப்பரை உள்ளே ஏற்றுவதுதான் கஷ்டம். இறுக்கமாக இருக்க வேண்டும், வழுக்கவும் வேண்டும். அதற்குச் சோப்புத் தண்ணீர். நனைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் படக்கூடாது. எண்ணெய் காயவே காயாது, ரப்பரையும் உப்ப வைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். இது அவருக்குத் தெரியாததா? பட்டறைச் சுவரில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

மாட்டி முடித்ததும் வட்டு, ரப்பர், வளையம் மூன்றின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரே கோடாக இழுத்தார். அது அவர் பழக்கம்.

"எங்க நிறுத்தினாலும் மூடியைத் தூக்கி இந்தக் கோட்டைப் பாரு. நேரா இருந்தா எல்லாம் நல்லா இருக்கு. ஒடிஞ்சிருந்தா வளையம் நழுவுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு அடிகூட ஓட்டக்கூடாது."

"என் தலை வகிடைவிட நேரா இருக்கே. ஸ்கேல் வச்சா போட்டீங்க?" என்றாள் நர்ஸம்மா. "சரி சரி, பாக்குறேன்."

பார்ப்பாள் என்று அவர் நம்பவில்லை. பால் பொங்குவதையே நின்று பார்க்காதவள்.

மூன்று நாள் ஊருக்குள் ஓட்டினாள். நான்காம் நாள் மதியம் மலைமேல் கல்குவாரிக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. தலைப்பிரசவம், பெண் ரொம்பப் பயப்படுகிறாள் என்று. ஒன்றரை மணிக்கு நர்ஸம்மா பையைப் பின்சீட்டில் போட்டாள்.

"ஓட்டும்போது போன் எடுக்காத."

"எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"நீங்களே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கார் முனை திரும்பும்வரை சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கரகரப்பே இல்லை, தையல் மிஷின் மாதிரிப் போனது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையோடேயே இரண்டாவது டேம்பரில் கை வைத்தார். பல் டாக்டரும் அதே மாதிரிக் கார் வைத்திருந்தார், நர்ஸம்மா சொல்லிக் கேட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றிருந்தார். புது ரப்பர் வளையத்தை எடுத்து, பெஞ்சின்மேல் இருந்த தகர டப்பாவில் முக்கினார். வெள்ளையான தண்ணீர். முக்கின கையோடு ஒரு வாடை மூக்கில் ஏறியது. புளித்த எண்ணெய் வாடை.

அவர் கை அப்படியே நின்றது.

கடைசல் எந்திரத்தில் இரும்பு சூடாகாமல் இருக்கக் கூலண்ட் என்று ஒன்று ஊற்றுவார்கள். ஒருவகை எண்ணெய். தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இரண்டும் பழைய பெயின்ட் டப்பாவில்தான் இருந்தன.

விரலைத் துடைத்துவிட்டுத் தேய்த்துப் பார்த்தார். சோப்பாக இருந்தால் காய்ந்ததும் கிறீச்சென்று பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டே இருந்தது. சரி, இன்றைக்குத்தான் டப்பா மாறிப்போயிருக்கும், அன்றைக்குச் சரியாகத்தான் எடுத்திருப்போம் என்று மனசைத் தேற்றிக்கொண்டே சோப்பு டப்பாவைத் தேடினார். அது ஜன்னல் மேடையில், மரப்பொடி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது. கஞ்சி ஆறினால் கட்டுகிற மாதிரிச் சுருக்கமில்லாத ஏடு. ஒரு விரல்கூட அதில் பட்ட அடையாளம் இல்லை. கரைத்து வைத்த நாளிலிருந்து அதை யாரும் தொடவே இல்லை.

அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தது. எந்த வாடையும் தெரிந்திருக்காது.

அன்று வெட்டிப்போட்ட ரப்பர்த் துண்டு ஒன்று, நனைந்த கையோடு தட்டில் போட்டது, இன்னும் அங்கேயே கிடந்தது. எடுத்து அழுத்தினார். நனைத்த ரொட்டி மாதிரி உப்பி, விரல் போன இடம் பள்ளமாகி, அந்தப் பள்ளம் நிமிரவே இல்லை.

  எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்தது. ரப்பர் இளகினால் வளையம் நழுவும். வளையம் நழுவினால் பெல்ட் ஓடாது, பெல்ட் ஓடாவிட்டால் விசிறி சுற்றாது. காற்று இல்லாத எஞ்சின் ஐந்து நிமிஷத்தில் வெந்து இறுகிவிடும். இறுகுகிற நேரத்தில் வண்டி கியரில் இருந்தால் பின்சக்கரம் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். அது நேர்ரோடாக இருந்தால் ஒன்று. கொண்டை ஊசி வளைவாக இருந்தால்?

அதைவிட மோசமான இன்னொன்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் எழுபதில் கார் ஆடியதால், அவசரம் இல்லாவிட்டால் அவள் அந்த வேகத்துக்குப் போனதே குறைவு. போனாலும் கை உதறியதும் குறைத்துவிடுவாள். இன்றைக்கு ஆடாது. அவள் பாட்டுக்கு எழுபதிலேயே போவாள். அந்த ரப்பர் படாத பாடு படுவதும் அதே எழுபதில்தான். ஆட்டத்தை எடுத்துவிட்டேன், எச்சரிக்கையையும் கூடவே எடுத்துவிட்டேன் என்று நினைத்தார். 

போன் செய்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஐந்தாம் தரம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்துவிட்டது.

அடுத்த தெருவில் அவள் தம்பி ரொட்டி வேன் ஓட்டுகிறான். ரொட்டிக்காரன் என்றால் எல்லோருக்கும் தெரியும், வாய் ஓயாதவன். கடைக்கு முன்னால் வேனை நிறுத்தி ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். மாமா செருப்பில்லாமல் ஓடி வருவதைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன மாமா, கேஸ் மூடலையா?"

"மச்சான், வண்டியை எடு. மலைக்குப் போகணும். உங்க அக்கா..."

"அக்காவுக்கு என்ன? அப்பவே இந்தப் பக்கமா கை ஆட்டிக்கிட்டுப் போச்சு. ராணி மாதிரிப் போச்சு."

"டேம்பர் கழன்டுடும். நான் தப்புப் பண்ணிட்டேன்."

"மாமா, போன மாசம் பூட்டைப் பூட்டலன்னு பாதிக் கல்யாணத்துலருந்து எங்க எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்தீங்க. வந்து பாத்தா ரெண்டு பூட்டு தொங்குது. சாப்பாடும் போச்சு. ஒரு டீ குடிங்க, சரியாப் போயிடும்."

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வருஷக்கணக்காக ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்தவர், உண்மையாகப் பயப்பட வேண்டிய நாளில் எந்தக் குரலில் போய்ச் சொல்வார்? அவரிடம் இருந்தது அந்த ஒரே குரல்தான். கையோடு கொண்டுவந்திருந்த ரப்பர்த் துண்டை எடுத்து மச்சான் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

"இதுதான் அந்த வளையத்தைப் பிடிச்சிட்டிருக்கு" என்றார்.

ரொட்டிக்காரன் அந்தப் பள்ளத்தையே பார்த்தான். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சத் தட்டுகளை இறக்காமலே கதவைச் சாத்தினான். "ஏறுங்க."

ஊரைத் தாண்டியதும் மலையடிவாரம் வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர் ரோடு, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். இரண்டு பக்கமும் ஆளில்லாத காடு. கடைசல்காரர் முன்கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்தார். ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் அவருக்கு இரும்பு வளையமாகத் தெரிந்தது. பின்னால் ரொட்டித் தட்டுகள் தடதடவென்று அடித்துக்கொண்டன, வேன் முழுக்கப் புது ரொட்டி வாசனை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அந்த வாசனை வந்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து மச்சான்."

"மாமா, இது ரொட்டி வேன். அழுத்தினா ரொட்டிதான் நசுங்கும்" என்றான். சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டு அழுத்தினான்.

அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேட்டார்கள். பங்க்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நர்ஸம்மாவா? போயி முக்கால் மணி நேரம் இருக்கும். நிக்கவே இல்ல. எப்பவும் ஆடி அசைஞ்சு வரும் அந்தக் காரு, இன்னைக்கு அம்பு மாதிரிப் போச்சு. என்ன மருந்து போட்டீங்க?"

கடைசல்காரர் அதற்குள் வேனில் ஏறிவிட்டார். 

வளைவுகள் தொடங்கின. மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகையில் எண் போட்டிருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் உதடு எண்ணிக்கொண்டே வந்தது. நான்கு தாண்டியது. ஐந்து தாண்டியது. ஆறாம் வளைவில், "நிறுத்து" என்றார்.

ரோட்டின்மேல் இரண்டு கறுப்புத் தடம். டயர் உருளாமல் இழுபட்டால் விழுமே, அந்தத் தடம். வளைவின் நடுவில் ஆரம்பித்து நேராகச் சுவருக்குப் போயிருந்தது. சுவரில் இரண்டு கல்லைக் காணோம்.

இறங்கினார். சுவர்வரைக்கும் பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடியை நடக்காமல் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.  இருபத்தாறு வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணியவர். அவள் தலைக்கு எண்ணெய் வைப்பது, அடுப்படியில் பாதி மறந்த பாட்டை மூக்கால் பாடுவது, இவர் பயந்தால் 'அய்யோ பாவம்' என்று கன்னத்தில் தட்டுவது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. ரொட்டிக்காரன் பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். 

எட்டிப் பார்த்தார்கள். கீழே புதர், பாறை, வெகு ஆழத்தில் நூல் மாதிரி ஓடைத் தண்ணீர். வேறொன்றும் இல்லை. ரொட்டிக்காரன் குனிந்து தடத்தின்மேல் விரலை வைத்துத் தேய்த்தான்.

"மாமா, இது பழசு. மேல தூசி படிஞ்சிருக்கு பாருங்க. அகலத்தைப் பாருங்க, லாரி டயரு. நம்ம காரு இல்ல."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன்."

"இன்னொரு தரம் பாரு."

வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு கேலி வந்திருக்கும். அவன் உட்கார்ந்து இன்னொரு தரம் பார்த்தான். "லாரிதான் மாமா" என்றான் மெதுவாக.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாம் வளைவில் ரோடு கொஞ்சம் அகலம். அங்கே கார் நின்றது.

ஓரமாக, சுவரை ஒட்டி. பின்சக்கரத்துக்கு ஒரு பெரிய கல் அணை கொடுத்திருந்தது. பின்மூடி முழுக்கத் திறந்து கிடந்தது. கார் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் கடைசல்காரர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். உள்ளே யாரும் இல்லை. பின்சீட்டில் பையும் இல்லை.

எஞ்சினைப் பார்த்தார். வட்டின்மேல் இருந்த வெள்ளைக் கோடு மேலே நின்றது. வளையத்தின்மேல் இருந்த மிச்சக் கோடு கீழே போய் எண்ணெய்க் கறைக்குள் கிடந்தது. நடுவில் ரப்பர் உதடு பிதுங்கின மாதிரி வெளியே வந்திருந்தது. வளையம் விரற்கடை அளவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு விரலால் தொட்டார். விழப்போகிற பல் மாதிரி அது தொட்ட பக்கமெல்லாம் ஆடியது. இன்னும் ஒரு கிலோமீட்டர் தாங்கியிருக்காது. பதினாலாம் வளைவுக்கு அப்புறம் ரோடு செங்குத்தாக இறங்கும். அங்கே போயிருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, நினைக்காமல் விட்டார்.

ஆனால் அவள் எங்கே?

"அக்கா" என்று ரொட்டிக்காரன் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினான். அவன் குரல் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கடைசல்காரர் சுவரோரமாகவே நடந்து பார்த்தார். கார் நின்றபின் இறங்கி வந்து, சூட்டில் தலை சுற்றி, இந்தக் குட்டைச் சுவரில் சாய்ந்து... ஒரு பயம் போய் உட்கார்ந்த இடத்தில் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை.

"மேல போயிருக்கும் மாமா. பையை எடுத்துட்டுத்தானே போயிருக்கு" என்றான் ரொட்டிக்காரன். அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்த மாதிரித் தெரியவில்லை.

குவாரிக் குடியிருப்பு என்பது இரண்டு வரிசை ஓட்டு வீடு, நடுவில் கல்பொடி படிந்த தெரு. ஒரு வீட்டு வாசலில் நாலைந்து பேர் பேசாமல் நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. அந்தப் பேசாமையைப் பார்த்ததும் கடைசல்காரருக்கு வேனிலிருந்து இறங்கவே தைரியம் இல்லை. இறங்கினால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். இறங்காதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து நர்ஸம்மா வந்தாள். கழுவிய கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். வேனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், வீட்டுக்காரரின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்கங்க?"

 ரொட்டிக்காரன்தான் முந்திக்கொண்டான். "செருப்பை விடுக்கா. உசுரையே பட்டறையில விட்டுட்டு வந்திருக்காரு. காரை அங்க அனாதையா நிறுத்திட்டு நீ எப்படி வந்த?"

"தண்ணி லாரி வந்துச்சு, கை காட்டி ஏறிட்டேன். அந்த ஆளு நிக்கவே மாட்டேன்னான், ஒரு சீட்டு எழுதி வைக்கக்கூட நேரமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க ஒண்ணும் அவசரமே இல்ல. வலி இன்னும் வரவே இல்ல. அந்தப் பொண்ணு பயந்துட்டுப் படுத்திருக்கு, அதைப் பாத்து வீடே பயந்து நிக்குது. நாளைக்குக் காலையில ஆகும். நான் தங்கணும்."

கடைசல்காரர் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கோட்டைப் பாத்தியா?" என்றார். எங்கிருந்தோ அந்தக் கேள்விதான் வந்தது.

"பாத்தேன். ஒடிஞ்சிருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி ஒரு அடிகூட ஓட்டல."

"நீ பாப்பன்னு நான் நம்பல."

"பாக்குறதா எண்ணமே இல்ல" என்றாள் அவள். ஒளிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. "நேர்ரோட்டுல எழுபதுல போனேன். கண்ணாடி, சுவத்துல மாட்டின படம் மாதிரி அசையாம நிக்குது. அஞ்சு நிமிஷம் ரொம்ப சந்தோஷம். அப்புறம் என்னமோ பயம் வந்துடுச்சு."

"உனக்கா?"

"எனக்குத்தான். ஒன்பது மாசம் உதைச்சிட்டிருந்த குழந்தை திடீர்னு சும்மா இருந்தா, அப்பாடா தூங்குதுன்னு நான் விட்டுருவேனா? என்னன்னு கை வச்சுப் பாக்க மாட்டேன்? அந்த மாதிரி இருந்துச்சு. இவரு வியாதி நமக்கும் ஒட்டிக்கிச்சுன்னு என்னையே திட்டிக்கிட்டுப் பத்து வளைவு வந்துட்டேன். பதினொண்ணுல ரோடு அகலமா இருந்துச்சு. போய்த் தொலையட்டும்னு நிறுத்தித் திறந்தேன்."

ரொட்டிக்காரன் வேனின் பின்கதவைத் திறந்து நசுங்காத ரொட்டியாகப் பொறுக்கி வாசலில் நின்றவர்களுக்குக் கொடுக்கப் போனான். அவன் முதுகு குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ரப்பர் தப்பு இல்லம்மா" என்றார் கடைசல்காரர். "நான்தான். டப்பா மாத்தி..."

நர்ஸம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரலைச் சரியாக நரம்பின்மேல் வைத்து, இடதுகைக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சோப்புத் தண்ணின்னு நெனச்சு எண்ணெய்ல..."

"பேசாதீங்க. எண்ணிக்கை விட்டுடும்."

அவர் நிறுத்தினார். அவள் உதடு அசைந்தது. எழுபதில் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்த விரல்கள் அவை. மரத்துப்போகவில்லை. அவர் நரம்பில் தறிகெட்டு ஓடியதெல்லாம் ஒன்று விடாமல் அந்த விரல்களுக்குத் தெரிந்தது.

"நூத்தி முப்பத்திரண்டு" என்றாள். "அந்தப் பொண்ணுக்கே நூறுதான் இருந்துச்சு."

"இன்னொண்ணு செய்யுறேன். இந்தத் தடவை சரியா..."

"செய்யுங்க, எனக்குக் கை வேணும். ஆனா கொஞ்சமாவது ஆடட்டும். ஒரேயடியா ஆடாம செஞ்சுடாதீங்க." மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப சும்மா இருங்க. இது எண்பதுக்கு வர்ற வரைக்கும் நான் கையை விட மாட்டேன்."

வெகுநேரம் ஆயிற்று. அவள் விடவில்லை.